மூன்றாம் அடியும் மூலமொழியும்
(திருக்கோவலூர் எம்பெருமான் விஷயமாக மொழிநூலார் கூற்றுக்களை ஆராய்தல்)

விஷயம்

பெண்ணையாற்றின் தென்கரையில் உள்ள திருக்கோவலூர், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. ஆட்சியெல்லைகள் மாறினும் அவ்வூர் இடைகழி மாறவில்லை. பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் மழையிருளில் அங்கே நெருக்குண்டு நின்றதும், நான்காமவனாக எம்பெருமான் புகுந்து நெருக்கியதும், மூன்று திருவந்தாதிகள் பிறந்ததும் நம்மவர் அனைவரும் அறிந்தவை. அங்கே ஸேவை ஸாதிப்பவன் ஓங்கி உலகளந்தவன். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழி இரண்டாம் பத்தின் பத்தாம் திருமொழியை இத்தலத்துக்கே அருளினார்.

இவ்வெம்பெருமானது மூவடிச் செயல் ரிக்வேதத்திலேயே பல இடங்களில் ஓதப்படுகிறது. முதல் மண்டலத்து 22ஆம் ஸூக்தமும் 154ஆம் ஸூக்தமும் அவற்றுள் முதன்மையானவை. பின்னதில் விஷ்ணு அடியிட்டான் என்பதோடு, மண்ணுலகை அளந்தான் என்பதும் வருகிறது. அவனுடைய மேலான பதத்தில் தேனூற்று உண்டு என்றும், பல கொம்புகளை உடைய பசுக்கள் அங்கே உண்டு என்றும் அந்த ஸூக்தத்தின் இறுதி மந்த்ரங்கள் கூறுகின்றன. பதம், மது, கோ, ச்ருங்கம் என்னும் இந்நான்கு சொற்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரை முழுதும் இவற்றைப் பற்றியே செல்லும்.

ஸம்சயம்

சென்ற புரட்டாசியில், கல்லூரியில் மொழியியல் பயிலும் இளைஞர் ஒருவர் ஸேவாகாலம் முடிந்தபின் அடியேனிடம் வந்தார். சிறு பிராயத்தில் திருப்பல்லாண்டும் திருப்பாவையும் அடியேனிடம் சந்தை சொன்னவர். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டது இது: “ஸ்வாமி, பதம் என்பதும் மது என்பதும் கோ என்பதும் ச்ருங்கம் என்பதும் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கருங்கடலுக்கு வடக்கே மாடு மேய்த்தவர்களுடைய சொற்கள் என்று எங்களுக்குப் பாடம் நடக்கிறது. அப்படியானால் நாம் பரமபதம் என்று சொல்வது அவர்களுடைய மேய்ச்சல் நிலந்தானா?”

அடியேன் உடனே விடை சொல்லவில்லை. ஸமஸ்க்ருதமே உலக மொழிகளுக்கெல்லாம் தாய் என்றும், ஆங்கிலத்தில் பாதத்தைக் குறிக்கும் ‘ஃபுட்’ என்னும் சொல் நம் பதத்தின் திரிபே என்றும் முப்பது ஆண்டுகளுக்கு முன் உபந்யாஸத்தில் சொன்னவன் நான். அதைச் சிறு புத்தகமாகவும் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். அவ்விளைஞர் அந்தப் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவர். ஆதலால் இவ்வாராய்ச்சி பிறரைக் கண்டிப்பதற்கு முன் என்னைக் கண்டித்துக்கொள்வதாகும்.

பூர்வபக்ஷம்

முதலில் மொழிநூலார் கூறுவதை உள்ளபடி எடுத்துரைக்க வேண்டும். பூர்வபக்ஷத்தை வலிமையோடு உரைத்தபின்னரே மறுப்பது நம் ஆசார்யர்கள் வழக்கம்.

1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவில் ஆசியக் கழகத்துத் தலைவர் வில்லியம் ஜோன்ஸ், ஸமஸ்க்ருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு பொதுமூலத்திலிருந்து பிறந்தவையாதல் வேண்டும் என்றும், அம்மூலம் இப்போது வழக்கொழிந்திருக்கலாம் என்றும் உரைத்தார். 1816இல் ஃப்ரான்ஸ் பாப் வினைச்சொற்களின் விகுதிகளை ஒப்பிட்டு இதனை நிலைநாட்டத் தொடங்கினார். அதே 1816இல் சென்னையில் எல்லிஸ் என்பார் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஸமஸ்க்ருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனியொரு குடும்பம் என்று காட்டினார். 1856இல் கால்டுவெல் அதனை விரித்தெழுதினார். ஆக, வடமொழியின் உறவு இன்னது என்பதும் தமிழின் உறவு இன்னது என்பதும் ஒரே காலத்தில் ஒரே முறையால் தெளியப்பட்டன. ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளுவது நேர்மையாகாது.

அம்முறை யாது? ஒலியொப்புமை மட்டும் அன்று, ஒலிமாற்றத்தின் நியமம். ஸமஸ்க்ருதத்தில் பகரம் முதலாக வரும் சொற்களுக்கு லத்தீனிலும் பகரமே வரும். ஆங்கிலத்தில் ஃபகரம் வரும். பித்ரு, பாத்தெர், ஃபாதர் என்றாற்போலப் பத், பெத், ஃபுட் என்று அமையும். இப்படி ஒன்றிரண்டல்ல, பல சொற்கள் ஒரே ஒழுங்கில் நிற்கின்றன. ஒழுங்கில் நில்லாதவை ஒத்தொலித்தாலும் தள்ளப்படும். லத்தீனத்து ‘தேஉஸ்’ நம் ‘தேவ’ சப்தத்தோடு உறவுடையது. கிரேக்கத்தில் கடவுளைக் குறிக்கும் ‘தெயோஸ்’ இன்னும் நெருங்கியதுபோல் ஒலித்தாலும் உறவற்றது.

நம் மாவட்டத்திலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. கல்வராயன் மலையில் வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரை மட்டும் கேட்பவன் அவர்களைக் கேரளத்தவர் என்பான். அவர்கள் பேசுவதோ தமிழ். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. பெயரொப்புமை கண்டு உறவு கூறுவார்க்கு இம்மலையே விடை.

ஸமஸ்க்ருதமே தாயாக இருக்கலாகாதோ என்னும் கேள்விக்கு மொழிநூலார் தரும் விடை, வியாகரணம் பயின்ற நம்மவர் சிந்திக்கத்தக்கது. த்ரிவிக்ரமன் செயலைச் சொல்லும் வினை ‘சக்ரமே’ என்பது. தாது ‘க்ரம்’, இரட்டித்தபோது முன்னெழுத்துக் ககரமாகவே இருக்க வேண்டும். அது சகரமானது ஏன்? ஏழாம் அத்தியாயம் நான்காம் பாதத்தின் 62ஆம் ஸூத்ரத்தால் பாணினி இதனை விதித்தார். அங்ஙனமே ‘சகார’, ‘ஜகாம’ என்பனவும் வரும். விதி உண்டு, காரணம் சொல்வது அவருக்கு ப்ரயோஜனமன்று. காரணத்தைக் கிரேக்கம் காட்டுகிறது. ‘ததர்ச’ என்று நாம் ஓதுவதற்கு இணையான கிரேக்கச் சொல் ‘தெதொர்க’. இரட்டித்த எழுத்தில் அங்கே எகரம் நிற்கிறது. ஆதியில் நம் மொழியிலும் அவ்விடத்தில் எகரமே இருந்தது. எகரத்தின் முன் நின்ற ககரம் சகரமாய் மென்மையடைந்தது. அதன்பின் எகரமும் ஒகரமும் அகரத்தோடு கலந்தன. எகரம் மறைந்தது, அது விட்டுச்சென்ற சகரம் நிற்கிறது. சுவடு கண்டு யானை சென்றது என்று அனுமிப்பது போன்றது இது.

சக்ரம் என்னும் சொல்லும் இப்படியே. முதலெழுத்துச் சகரமும் இரண்டாமெழுத்துக் ககரமுமாக நிற்பது, முன்னொரு காலத்தில் இரண்டும் ககரமாயிருந்து முன்னதற்குப் பின்னே எகரம் இருந்தமையால். கிரேக்கத்து ‘குக்லோஸ்’, ஆங்கிலத்து ‘வீல்’ என்பன இதன் உடன்பிறப்புக்கள். எம்பெருமான் திருக்கையில் உள்ள ஆழியின் பெயரே, ஸமஸ்க்ருதத்துக்கும் முன்னொரு மொழி இருந்தது என்பதற்கு ஸாக்ஷியாகிறது.

அம்மூலமொழியை நேரே கேட்டவர் எவருமிலர். ஆதலால் அதன் சொற்களை எழுதும்போது முன்னே ஒரு நட்சத்திரக்குறி இடுவர். அனுமானத்தால் பெற்றது என்பது அதன் பொருள். 1868இல் ஷ்லைகர் என்பார் அம்மொழியில் ஆட்டையும் குதிரைகளையும் பற்றி ஒரு சிறுகதையே இயற்றினார்; பின்வந்தோர் அதனைப் பலமுறை திருத்தி எழுதினர். இதனைக் கொண்டு எள்ளுவாரும் உளர். ஆனால் மற்றொன்றையும் கேட்க வேண்டும். 1879இல் ஸொஸ்யூர் என்னும் இளைஞர், எல்லா மொழிகளிலும் மறைந்துபோன சில ஒலிகள் மூலமொழியில் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கினாலேயே கூறினார். 1915இல் ஹ்ரோஸ்னி ஹிட்டைட்டு மொழியின் களிமண் ஏடுகளைப் படித்தறிந்தார். 1927இல் குரிலோவிச், ஸொஸ்யூர் சொன்ன இடங்களிற் சிலவற்றில் அவ்வேடுகள் ஓர் ஒலியை எழுதியிருப்பதைக் காட்டினார். அனுமானம் ப்ரத்யக்ஷத்தால் உறுதிப்பட்டது. ப்ரமாணங்களை மதிக்கும் மரபினர் இதனை அலக்ஷ்யம் செய்தல் தகாது.

அம்மொழியினர் வாழ்வு எத்தகையது? சக்கரம், அச்சு, நுகத்தடி, பசு, குதிரை, தேன் இவற்றுக்கெல்லாம் பொதுச்சொற்கள் உள. உலகில் சக்கரவண்டி தோன்றியது ஏறத்தாழ கிறிஸ்துவுக்கு முன் 3500. ஆகவே அக்காலத்தை ஒட்டியும் அவர்கள் பெரிதும் பிரியாதிருந்தனர் என்பர். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள புல்வெளியே அவர்கள் நிலம் என்பது பலர் துணிபு. 2015 முதல் வெளிவந்த தொல்லுயிரணு ஆய்வுகள் அதற்கு வலுவூட்டின. அநடோலியாவைச் சொல்வாரும் உளர். அவர்களிடம் கவிக்கும் புரவலனுக்கும் ஓர் உடன்படிக்கை இருந்தது: புரவலன் பசுவும் குதிரையும் கொடுப்பான், கவி அழியாப் புகழைக் கொடுப்பான். ‘அழியாப் புகழ்’ என்னும் தொடரே வேதத்திலும் ஹோமரின் காவியத்திலும் சொல்லுக்குச் சொல் உறவாய் அமைந்திருப்பதை 1853இல் கூன் என்பார் கண்டார்.

ஸித்தாந்தம்

இனி நம் பக்ஷம். மூன்று வகுப்பாருக்கு விடை கூற வேண்டும்.

முதலாவது, ஸமஸ்க்ருதமே ஸர்வபாஷைகளுக்கும் தாய் என்பார். அடியேனும் அவர்களில் ஒருவனாயிருந்தேன். இக்கொள்கை மொழிநூலுக்கு முரண் என்பது ஒருபுறமிருக்க, நம் ஸம்ப்ரதாயத்துக்கே முரண் என்பதை இப்போது உணர்கிறேன். ஆசார்ய ஹ்ருதயத்தில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் தமிழை வடமொழியின் மகள் என்று சொல்லவில்லை. வடமொழியைப் போலவே தமிழும் அநாதி என்றே நிறுவினார். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்றால் உபயவேதாந்தம் என்ற பெயருக்கே இடமில்லை. திராவிட வேதத்தின் ஏற்றம் அதன் மொழி எதன் வழித்தோன்றல் என்பதைப் பற்றி நிற்பதன்று. அது எவனைச் சொல்கிறது என்பதைப் பற்றி நிற்பது. வடமொழிக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணித் தமிழைத் தாழ்த்தும் வாதத்தை நம்மவர் கைவிட வேண்டும். என் புத்தகத்தின் அப்பகுதியை நான் இதனால் வாபஸ் பெறுகிறேன்.

இரண்டாவது, வேதத்தைப் பழைய நிலப்பரப்பொன்றின் குறிப்பேடாக வாசிப்பார். இவர்களுள் தலைசிறந்தவர் நம் நாட்டவரே. பாலகங்காதர திலகர் 1903இல் வெளியிட்ட நூலில், வேதரிஷிகளின் முன்னோர் வடதுருவத்தை அடுத்து வாழ்ந்தனர் என்றார். விஷ்ணுவின் மூவடி சூரியனது ஆண்டுப் பயணம் என்றும், காணவொண்ணாத மூன்றாம் அடி சூரியன் அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும் நீண்ட இருட்காலம் என்றும் பொருள் கொண்டார். அவருடைய கல்வியையும் தேசபக்தியையும் வணங்கியே இதனை மறுக்கிறேன். மூன்றாம் அடி காணவொண்ணாதது என்று வேதம் ஓரிடத்தில் சொல்வது உண்மை. ஆனால் அது கீழே உள்ளது என்று சொல்லவில்லை. பரமம் என்கிறது, வானில் விரிந்த கண்ணுக்கு ஒப்பிடுகிறது, தேனூற்று அங்கே உண்டு என்கிறது. இருளும் தாழ்வும் அதற்கு ஏலா. ஒரு மந்த்ரத்தின் ஒரு சொல்லைக் கொண்டு மற்ற மந்த்ரங்களைப் புறக்கணிப்பது ஏகவாக்யதைக்கு விரோதம். யாஸ்கரின் நிருக்தத்திலோ சாகபூணி மூவடியையும் பூமி, அந்தரிக்ஷம், த்யுலோகம் என்று பிரிக்கிறார். ஸூக்தங்களின் சொற்களோடு இயைவது அதுவே.

ஐரோப்பியரில் துமெஸில் என்பார், வடநாட்டுக் கதையில் தடித்த காலணியோடு ஓநாயின் தாடையை மிதித்த விதார் என்னும் தேவனை விஷ்ணுவோடு ஒப்பிட்டார். விதார் மிதித்தது தந்தையைக் கொன்றதற்குப் பழிவாங்க. நம் பெருமான் அடியிட்டது உலகுக்கு இடந்தர. கால் இருவர்க்கும் உண்டு என்பதைத் தவிர அவ்வொப்புமையில் அதிகம் இல்லை.

ஒப்புமை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குத் தமிழிலேயே சான்று காணலாம். வடமொழியில் பாதம் என்பது காலையும் குறிக்கும், செய்யுளின் பகுதியையும் குறிக்கும். கிரேக்க, லத்தீன் சொற்களும் அங்ஙனமே. தமிழில் ‘அடி’ என்பதும் கால், செய்யுளடி, அளவு என மூன்றையும் குறிக்கும். இதனைக் கொண்டு அடியும் பதமும் உறவு எனலாமோ? ஆகாது. ஒலியில் உறவில்லை. மனிதர் எங்கும் காலால் அளந்தார்கள், கால் பெயர்த்து ஆடிப் பாடினார்கள்; அதனால் பொருள் ஒத்தது.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வேதத்தில் இச்செயலுக்கு இரண்டு வினைகள் உள: அடியிடுதல் ஒன்று, அளத்தல் மற்றொன்று. வடமொழிப் பெயர் வழக்கு முன்னதைப் பற்றியது, த்ரிவிக்ரமன் என்றது. தமிழ்வழக்குப் பின்னதைப் பற்றியது, உலகளந்தான் என்றது. வேதத்தின் ‘மா’ என்னும் தாது மாதத்துக்கும் ஆங்கிலத்து ‘மூன்’ என்னும் சந்திரப் பெயருக்கும் உறவுடையது. தமிழின் ‘அள’ அதனோடு உறவற்றது. சொல் கடன் வரவில்லை, பொருள் வந்தது. பதத்துக்குப் பதம் மொழிபெயர்க்காமல் வாக்யார்த்தத்தை உட்கொண்டு தன் சொல்லால் சொன்னது தமிழ். பெரியவாச்சான் பிள்ளை முதலான வ்யாக்யாதாக்கள், கொள்ளுதற்கு வந்தவன் தன்னையே கொடுத்தான் என்னும் ரஸத்தை இவ்விடங்களில் காட்டுவதும் அளத்தல் என்னும் சொல்லைப் பற்றியே சுவைக்கிறது. அளப்பவன் உடையவன், தன் நிலத்தைத் தானே அளந்துகொள்பவன்.

மூன்றாவது, சொல்லின் பிறப்பே பொருளின் முடிவு என்பார். அவ்விளைஞரின் கேள்வி இதில் அடங்கும். இங்கே மிகக் கடினமான இடத்தையே எடுத்துக்கொள்கிறேன். விஷ்ணுவின் பரமபதத்தை ஸூரிகள் எப்போதும் காண்கிறார்கள் என்று வேதம் ஓதுகிறது. எம்பெருமானார் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் இதனைக் கொண்டு நித்யஸூரிகளை நிறுவுகிறார். மொழிநூலாரோ, ரிக்வேதத்தில் ஸூரி என்னும் சொல் பெரும்பாலும் யாகம் செய்விக்கும் புரவலனையே குறிக்கும் என்பர். அது பொய்யன்று; ஸூக்தங்களைப் பார்த்தவர் அறிவர்.

இதனால் எம்பெருமானார் உரை வீழ்ந்துவிடுமோ? அவர் ஸூரி சப்தத்தின் பிறப்பைக் கொண்டு வாதிக்கவில்லை. ‘எப்போதும்’ என்னும் சொல்லை முன்னிட்டே வாதிக்கிறார். நூறாண்டு வாழும் புரவலன் எப்போதும் காண்பவனாக மாட்டான். யோகத்தைவிட ரூடி வலிது என்பது மீமாம்ஸகர் நியாயம். வாக்யத்தில் உடன் நிற்கும் சொற்கள் பொருளை நிச்சயிக்கும் என்பதும் அவர்கள் நியாயமே. சொற்பொருளுக்குக் காரணம் உண்டாயினும் அது எளிதில் புலப்படாது என்றே தொல்காப்பியரும் கருதினார்.

இதற்குமேல், இப்பொருள் மாற்றம் வெட்கப்படத்தக்கதன்று என்பதைத் திருக்கோவலூரே காட்டுகிறது. அவ்வூர் முதலில் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். கபிலர் அவனைப் பாடியவை புறநானூற்றில் உள. கபிலர் தீப்புக்க செய்தியைச் சொல்லும் சோழர்காலக் கல்வெட்டும் அவ்வூர்ச் சிவாலயத்தில் உண்டு. கொடுப்பவன் புரவலன், பாடுபவன் புலவன். புல்வெளிக்காரரோடு உறவேதும் இல்லாமலே தமிழகத்தில் அவ்வுடன்படிக்கை தழைத்திருந்தது. அதே ஊரின் இடைகழியில் பின்னொரு நாள் மூவர் நின்றார்கள். அவர்கள் பாடியது கொடைபெற அன்று. கொடுக்க அங்கே அரசனும் இல்லை. நெருக்கினவனையே பாடினார்கள். கரும்பாலையில் கரும்பு நெருக்குண்டு சாறு பெருகினாற்போல என்று தேசிகன் தேஹளீச ஸ்துதியில் அருளியது, கரும்பு விளையும் இந்நிலத்தார்க்கு விளக்க வேண்டாதது. நம்மாழ்வார் மூன்றாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் மானிடரைப் பாடுதலை வெளிப்படையாகவே துறந்தார். புரவலனைக் குறித்த சொல் எப்போதும் காண்பாரைக் குறித்தது வேதமார்க்கத்தில் நடந்த மாற்றம். புரவலன் வாயிலில் நின்ற பாட்டு எம்பெருமான் வாசலுக்கு வந்தது தமிழ்மார்க்கத்தில் நடந்த மாற்றம். இரண்டும் ஒரே திசை நோக்கின. சொல்லின் பழம்பொருளை அறிந்தால்தான் பக்தி அதனை எவ்வளவு தூரம் உயர்த்தியது என்பது தெரியும்.

ஒன்றை மறைக்கலாகாது. வேதம் அபௌருஷேயம், அதன் ஆனுபூர்வி எவராலும் இயற்றப்பட்டதன்று என்பது நம் ஸித்தாந்தம். ‘சக்ரமே’ என்னும் சொல் முன்னொரு காலத்தில் வேறொலியாய் இருந்தது என்பது மொழிநூல். இவ்விரண்டையும் ஒரு பத்தியில் இணைத்துவிட்டேன் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லின் வரலாறு அனுமானத்துக்கு விஷயம்; வேதத்தின் ப்ராமாண்யம் அதற்கு விஷயமன்று என்று எல்லை வகுத்துக்கொள்கிறேன். இவ்வெல்லையை மேலும் தெளிவாக வகுப்பார் வித்வான்களில் உளரேல், இப்பத்திரிகை வாயிலாகவே எழுத வேண்டுகிறேன். ஆனால் தர்க்கத்துக்கு அஞ்சி உண்மையைத் திரிப்பது வேதத்துக்குச் செய்யும் கைங்கர்யமாகாது.

ப்ரயோஜனம்

இவ்விசாரத்தின் பயன் யாது? நம் பாடசாலைகளில் நிருக்தம் கற்பிக்கும்போது, வ்யாக்யாதாக்கள் ரஸத்துக்காகக் காட்டும் நிர்வசனத்தையும் சொல்லின் வரலாற்றையும் வேறு வேறாகக் கற்பிக்க வேண்டும். விஷ்ணு சப்தத்துக்கு வ்யாபித்தல், ப்ரவேசித்தல் என்று பூர்வர்கள் பொருளுரைத்தது அவன் குணத்தை அநுபவிப்பதற்கு. அதனைக் கிரேக்கத்தோடு பொருத்திச் சண்டையிடுவதற்கன்று. இனத்தையும் மொழியையும் ஒன்றாக்கி, ஒருவரை வந்தேறி என்றும் ஒருவரைத் தாழ்ந்தவர் என்றும் சொல்வார்க்கும் இதில் இடமில்லை. மொழிக்குடும்பம் என்பது சொற்களின் உறவு, மனிதரின் ஏற்றத்தாழ்வன்று.

அவ்விளைஞர் மார்கழியில் மீண்டும் வந்தார். பரமபதம் அவர்களுடைய மேய்ச்சல் நிலந்தானா என்று கேட்டீரே, ஆம் என்றேன். தேனும் பசுவும் நிறைந்த நிலத்தைவிட மேலானதை அவர்கள் அறிந்திலர். அறிந்தவற்றுள் மிக நல்லதன் பெயரையே இட்டார்கள். நாமும் அவ்வளவே செய்கிறோம். அதன்பின் இருவரும் திருப்பாவை ஸேவித்தோம். மூன்றாம் பாட்டிலும் பதினேழாம் பாட்டிலும் இருபத்துநான்காம் பாட்டிலும் அவன் உலகளந்தான்.